பாண்காரன் வீட்டுச் சேவல்

நத்தாருக்கு முந்தின நாள்
குருநகர் பேக்கரியில்
நானூற்றி இருபது றாத்தல் பாண் இறக்கிப்போட்டு
பின்கதவால் வீட்டுக்கு வருகிறேன்.
முன்கதவு எனக்கில்லை,
இரண்டு வருசமாய்.

கிணற்றடியில் உடுப்பைக் கழற்றி வாளியில் முக்கி
தலை, காதுமடல், நகக்கண் தேய்த்துக் குளித்தபிறகே
எமில்டாவின் குசினிக்குள் கால் வைக்கலாம்.
கோதுமை மா ஒரு துகள் போதும்.
அவள் குடல் அதை மறக்க ஒரு கிழமை எடுக்கும்.

கண்டுபிடிக்க முதல்
இரத்தம் குறைவு என்றார்கள்.
மனவருத்தம் என்றார்கள்.
என்ர தாய், செய்வினை எண்டு
மடுவிலிருந்து மண் கொண்டுவந்தா.
நான் ஒவ்வொரு விடியவும்
சூட்டோடு ஒரு பாண் கொண்டுவந்து
"தின்னும், தெம்பு வரும்" என்றேன்.
தின்றாள்.

இன்றைக்குச் சேவல்.
வயிற்றுக்குள் அடைக்க
பழம்பாணை உதிர்த்துப் போடுவதுதான் வழக்கம்.
பேக்கரிக்காரனுக்குப் பழம்பாணுக்குப் பஞ்சமா?
"நீங்கள் வழக்கப்படி செய்யுங்கோ,
எனக்குச் சோறும் சொதியும் போதும்" என்றாள்.
அவள் 'போதும்' சொல்லும் விதம்
எனக்குத் தெரியும்.

ஆகவே புட்டு.
சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து,
விடிய ஐந்தரைக்கே மில்லடியில் நின்று
வேறொன்றும் விழ முதல்
எங்கட அரிசியை அரைப்பித்தேன்.
"என்ன செலஸ்ரின், கோயிலுக்கோ மா?" என்றார் மில்காரர்.
ஓம் என்றேன்.

நீத்துப்பெட்டியும் புதிது.
பழையதன் ஓலைப்பின்னலுக்குள்
எத்தனை வருசத்து அவித்த மா ஒட்டியிருக்கோ.
பெருங்காய டப்பாவைத் திருப்பி
எறும்பெழுத்தை வாசித்தால்
அதற்குள்ளும் கோதுமை.
சோயா சோஸுக்குள்ளும்.
எங்கேயெல்லாம் ஒளித்திருக்கிறது இந்தச் சனியன்,
எனக்குச் சோறு போடுகிற சனியன்.

ஈரலையும் இரைப்பையையும் பொடியாய் வெட்டி
சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலையோடு
நல்லெண்ணெயில் வதக்கினேன்.
கஜு பத்து. பிளம்ஸ் ஒரு பிடி.
புட்டை அதற்குள் கொட்டிக் கலக்கையில்
கை தானாய்ப் பிசையப் பார்த்தது,
பதினாறு வருசப் பழக்கம்.
பிசைந்தால் களி.
புட்டுக்கு விரல்நுனி போதும்.

முதல்தரம் பிடிப்பில்லாமல் பொலபொலவென்று போனது,
நாய்க்கு நத்தார்.
இரண்டாம்தரம் ஒரு முட்டையும்
ஒடியல் மா ஒரு பிடியும்.
சேவலின் வயிற்றைத் தைக்க ஊசியோடு மல்லுக்கட்ட
எமில்டா வந்து வாங்கி
ஏழு தையலில் முடித்தாள்.
சட்டியில் மிஞ்சியதை வழித்து நக்கி
"உப்புக் காணாது" என்றாள்.
தைத்தபிறகு.

ஊரிலேயே பெரிய போறணை என்னுடையது.
அதன் கல்லெல்லாம் மா.
அதனால் வீட்டுக் கோடியில், பெரிய சட்டியில்,
மூடிமேல் சிரட்டைக்கரித் தணல் பரப்பி
மூன்று மணித்தியாலம் ஊதிக்கொண்டிருந்தேன்.
ஒரு பக்கம் கருகியது.
அந்தப் பக்கம் என் தாய்க்கு என்று வைத்தேன்.

நடுச்சாமப் பூசையில்
எல்லாரும் நற்கருணைக்கு நிரையாய்ப் போக
எமில்டா கடைசியாய் எழும்பினாள்.
அவளுக்கு அப்பம் இல்லை,
கிண்ணத்தில் ஒரு மிடறு மட்டும்.
திரும்பி வந்து முழந்தாளிட்டபோது
அவள் கைலேஞ்சியில் கரிப்புகை மணத்தது.
எனக்குச் செபம் வரவில்லை,
உப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரைக்குச் சாப்பாடு.
தையலைப் பிரிக்க ஆவி பறந்தது.
அவள் மூன்று கரண்டி போட்டாள்,
பிறகு எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.
"கொஞ்சம் கைக்குது."
"ஒடியல்" என்றேன்.
"இருக்கட்டும்."

நாலு மணிக்கு மா குழைக்கப் போகவேணும்,
நத்தாருக்கும் சனத்துக்குப் பாண் வேணும்.
அவள் கன்னத்தில் ஒரு புட்டுத்துகள்.
துடைத்துவிட்டேன்.
இன்னும் ஒரு மணித்தியாலம்
என் கை சுத்தம்.